சாமர்த்தியமே: செயின்ட் வின்சென்ட் தீவுக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, சரணாகதிக் கட்சியில் சரணடைந்து அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"சின்னத் தீவு நாட்டின் வெளியுறவு சாமர்த்தியமா, சரணாகதியா?" என்று தலைப்பு வைத்து, அதற்கு ஒரு நாட்டையும் நடுவர் கையில் கொடுத்துவிட்டார். கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் வின்சென்ட் மற்றும் கிரெனடீன்ஸ். பெயரை முழுதாகச் சொன்னால் எனக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசி போய்விடும் என்பதால் இனி செயின்ட் வின்சென்ட் என்றே சொல்கிறேன். பெயர்தான் நீளம், நாடு 389 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். ராணுவம் கிடையாது. போலீசும் கடலோரக் காவல் படையும்தான் எல்லாம்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போனார். தைவான் காசு கொடுக்கிறது, அதனால் ஐ.நா.வில் தைவானுக்காகப் பேசுகிறார்கள். வெனிசுவேலா அதிபராக இருந்த சாவேஸ் எண்ணெய் கொடுத்தார், அதனால் வெனிசுவேலாவுக்குத் தலையாட்டுகிறார்கள். 1983இல் அமெரிக்கா பக்கத்துத் தீவு நாடான கிரெனடாவுக்குள் படையெடுத்தபோது அமெரிக்காவுக்கே கைதூக்கினார்கள். "கொடுத்தவனுக்கெல்லாம் குனிகிற முதுகு இது" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

அண்ணே, கைதட்டலைத் திருப்பிக் கேட்க மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். தைவான், வெனிசுவேலா, கியூபா, அமெரிக்கா, பிரிட்டன் என்று இத்தனை பேருக்கும் ஒரே முதுகு ஒரே நேரத்தில் குனிய முடியுமா? இவர்களில் பாதிப் பேர் மற்ற பாதியோடு முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. எல்லா வீட்டிலும் விருந்து சாப்பிட்டு, எந்த வீட்டிலும் பாத்திரம் கழுவாமல் வருகிறவனுக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைத்தான் நாங்கள் இந்தப் பக்கம் தலைப்பாக வைத்திருக்கிறோம்.

மூன்றாவது குற்றச்சாட்டை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில்தான் என் பக்கம் பலவீனம். 1983 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை கிரெனடா படையெடுப்பைக் கண்டித்தது. கண்டித்தவர்கள் 108 நாடுகள். எதிர்த்து வாக்களித்தவர்கள் ஒன்பதே நாடுகள். அந்த ஒன்பதில் செயின்ட் வின்சென்ட்டும் ஒன்று. அது பெருமைப்பட வேண்டிய வாக்கு அல்ல. மறைக்கவும் மாட்டேன், நியாயப்படுத்தவும் மாட்டேன்.

ஆனால் அந்த வாக்குக்கு நான்கு ஆண்டு முன்னால் நடந்ததை அண்ணன் சொல்லாமல் விட்டார். 1979 அக்டோபர் 27இல் சுதந்திரம். ஆறு வாரம் முழுதாக ஆவதற்குள், டிசம்பர் 7ஆம் தேதி, தெற்கே யூனியன் தீவில் ஒரு சிறு கும்பல் துப்பாக்கியோடு கிளம்பிக் கலகம் செய்தது. பிரதமர் மில்டன் கேட்டோ என்ன செய்வார்? ராணுவமா இருக்கிறது? பக்கத்து பார்படோஸிடம் ஆள் கேட்டார். பார்படோஸ் வீரர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு சிறு கும்பலை அடக்கவே அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டிய நாடு அது. நான்கு ஆண்டு கழித்து பக்கத்து கிரெனடாவில் பிரதமரையே சுட்டுக் கொன்றார்கள் என்ற செய்தி வந்தபோது, அந்த நாடு பயந்துதான் கைதூக்கியது. பயந்தவன் எடுத்த முடிவு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தைந்து ஆண்டு வெளியுறவையும் சரணாகதி என்று எழுதிவிடுவதைத்தான் ஏற்க மாட்டேன்.

அடுத்து தைவான். செயின்ட் வின்சென்ட் தைவானோடு தூதரக உறவு வைத்தது 1981இல். தைவான் தன் பகுதி என்கிறது சீனா, அதனால் இரண்டில் ஒன்றோடுதான் தூதரக உறவு வைக்க முடியும். இன்றைக்கு உலகத்திலேயே பன்னிரண்டு நாடுகள்தான் தைவானை அங்கீகரிக்கின்றன. சரி, காசுக்காகத்தான் உறவு என்றால், காசு எங்கே அதிகம்? பெய்ஜிங்கில்தானே! அக்கம்பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். செயின்ட் லூசியா 1984இல் தைவான், 1997இல் சீனா, 2007இல் மறுபடியும் தைவான். கிரெனடா 1989இல் தைவான் பக்கம் வந்தது, 2005இல் சீனாவுக்குப் போனது. டொமினிக்கா 2004இல் போய்விட்டது. யார் ஸ்டேடியம் கட்டித் தருகிறார்கள் என்று பார்த்து உறவு மாறிய தெரு அது. அந்தத் தெருவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வாசலில் கோலம் போடுகிற வீடு செயின்ட் வின்சென்ட். விலைக்குப் போகிறவன் அதிக விலைக்குத்தானே போவான்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. நடுவர் அவர்கள் மணியடிக்கும் கையை ஐந்து நிமிடம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2019 ஜூன் 7. ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குத் தேர்தல். லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதிக்கு ஓர் இடம். ஒரு பக்கம் பல லட்சம் மக்கள்தொகை உள்ள எல் சால்வடோர். மறுபக்கம் ஒரு லட்சம் பேர் உள்ள செயின்ட் வின்சென்ட். முடிவு: செயின்ட் வின்சென்ட் 185, எல் சால்வடோர் 6. பாதுகாப்புச் சபையில் அதுவரை அவ்வளவு சின்ன நாடு உட்கார்ந்ததே இல்லை.

போய் உட்கார்ந்த சபையில் நிரந்தர உறுப்பினர் யார்? சீனா. வீட்டோ அதிகாரத்தோடு. அடுத்த நாற்காலிக்காரர் கோபித்துக்கொள்வாரே, கொஞ்சம் அடக்கி வாசிப்போம் என்றுதானே சரணாகதிக்காரன் நினைப்பான்? தேர்தல் முடிந்த இரண்டே மாதத்தில், 2019 ஆகஸ்டில், தைபேயில் புதிதாகத் தூதரகம் திறந்தார்கள்! அண்ணே, குனிகிற முதுகு செய்கிற வேலையா இது?

சபையில் இரண்டு ஆண்டு, 2020, 2021. ஒற்றை வாக்கை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்ய முடியும்? அங்கேதான் கணக்கு வருகிறது. சபையில் இருந்த மூன்று ஆப்பிரிக்க நாடுகளோடு சேர்ந்து ஒரே அணியாகப் பேசத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டன் வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். பதினைந்து பேர் உள்ள சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற ஒன்பது வாக்கு வேண்டும். நான்கு வாக்கு ஒரே பக்கம் இருந்தால் வல்லரசுகளும் வந்து "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டாக வேண்டும். 2020 நவம்பரில் சபையின் தலைமையே இவர்கள் கைக்கு வந்தது. அந்த நாற்காலியில் இருந்தவர் தூதர் இங்கா ரோண்டா கிங். அதற்கு முன் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். ஒரு லட்சம் பேர் உள்ள நாட்டில் இப்படிப்பட்டவர்களைத் தேடி அனுப்புவதே ஒரு வெளியுறவுக் கொள்கை என்பேன்.

இடையில் ஒரு செய்தி, வாதத்துக்காக அல்ல. 2021இல் இந்தியாவும் அந்தச் சபையில் இவர்களோடு உட்கார்ந்திருந்தது. அதற்கு 160 ஆண்டு முன்னால், 1861 ஜூன் 1ஆம் தேதி, சென்னையிலிருந்து கிளம்பிய 'திருவாங்கூர்' என்ற கப்பல் கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர்களை ஏற்றிக்கொண்டு போய் அந்தத் தீவில் இறக்கியது. இன்றும் அங்கே ஜூன் 1 இந்தியர் வருகை நாள். ஆகவே முற்றிலும் அந்நியர் வீட்டுக் கதையை நான் பேசவில்லை.

இனி வெனிசுவேலா. எதிரணி அண்ணனின் பெரிய ஆயுதம்.

2005இல் சாவேஸ் தொடங்கிய பெட்ரோகரீப் திட்டத்தில் சேர்ந்தார்கள், உண்மை. எண்ணெய் வாங்கி, ஒரு பகுதிக் காசை இப்போதும் மீதியைத் தவணையிலும் கொடுக்கும் ஏற்பாடு. ஏன் சேர்ந்தார்கள்? அதற்கு முன்னால் அந்த நாட்டைக் காப்பாற்றியது வாழைத்தார். பிரிட்டன் சலுகை விலையில் வாங்கிக்கொண்டிருந்தது. 1996இல் அமெரிக்காவும் சில லத்தீன் அமெரிக்க நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு அந்தச் சலுகையை உடைத்தன. மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன், பெரிய கம்பெனித் தோட்டத்தோடு விலையில் போட்டியிட வேண்டும் என்றார்கள். பழைய நண்பர்கள் கைவிட்ட பிறகு புதிய நண்பரைத் தேடுவது குற்றமா?

அந்த நட்பை வைத்து என்ன செய்தார்கள் என்பதைக் கேளுங்கள். அந்த நாட்டுக்கு ஒழுங்கான விமான நிலையம் இல்லை. பழையது ஆர்னோஸ் வேல் என்ற இடத்தில். பெரிய விமானம் இறங்காது. லண்டனிலிருந்து வருகிறவர் பார்படோஸில் இறங்கிச் சின்ன விமானத்துக்கு மாற வேண்டும். புதிய நிலையத்துக்கு ஆர்கைல் என்ற இடத்தைப் பார்த்தார்கள். பணம்? அன்றைய பிரதமர் ரால்ஃப் கொன்சால்வெஸ் நாடு நாடாகப் போனார். கியூபாவும் வெனிசுவேலாவும் பொறியாளர்களையும் இயந்திரங்களையும் அனுப்பின. கம்யூனிஸ்டுகள் கட்டும் அதே ஓடுபாதைக்குத் தைவானும் பணம் கொடுத்தது! டிரினிடாடும் கொடுத்தது. இந்தக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'விருப்பமுள்ளோர் கூட்டணி'. ஈராக் போருக்கு புஷ் வைத்த பெயரை எடுத்து, காஸ்ட்ரோ ஆட்கள் மண் வெட்டும் இடத்தில் ஒட்டிவிட்டார்.

நம் ஊர்க் கல்யாணத்தில் பேசாத பங்காளிகள் இருவரும் வந்து மொய் எழுதிவிட்டுப் போவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் நோட்டில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கும். வீட்டுக்காரன் இரண்டு பக்கமும் நல்லபடியாக நடந்துகொண்டால்தான் அப்படி ஒரு நோட்டு வாய்க்கும். மொய் வாங்கியவனைப் பிச்சைக்காரன் என்று யாராவது சொல்கிறோமா? அவன் திருப்பிச் செய்ய வேண்டிய முறை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். 2008இல் வேலை தொடங்கி, 2017 பிப்ரவரி 14இல் ஆர்கைல் விமான நிலையம் திறந்தது. ஓடுபாதை 2,700 மீட்டருக்கு மேல்.

அண்ணன் உடனே கேட்பார்: "திருப்பிச் செய்ய வேண்டிய முறை என்றாயே, வெனிசுவேலாவுக்கு என்ன செய்தார்கள்? 2022இல் எண்ணெய்க் கடனைக்கூடத் தள்ளுபடி செய்தார்களே, அதற்கு என்ன விலை?" நல்ல கேள்வி. பதில் 2023 டிசம்பரில் இருக்கிறது.

வெனிசுவேலாவின் பக்கத்து நாடான கயானாவின் எஸ்ஸெகிபோ பகுதி, அந்த நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம், தனக்குச் சொந்தம் என்று வெனிசுவேலா வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. அங்கே எண்ணெயும் கிடைத்துவிட்டது. 2023 டிசம்பர் 3இல் அன்றைய வெனிசுவேலா அதிபர் மதுரோ அந்த நிலத்துக்காக வாக்கெடுப்பு நடத்தினார். எந்த நேரமும் படை நகரலாம் என்ற பதற்றம். கயானா செயின்ட் வின்சென்ட்டின் கரீபியன் கூட்டமைப்புச் சகோதரன். வெனிசுவேலா கடன் கொடுத்த நண்பன். சரணாகதிக்காரன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு காய்ச்சல் என்று படுத்துவிடுவான். கொன்சால்வெஸ் இருவரையும் தன் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தார். டிசம்பர் 14ஆம் தேதி மதுரோவும் கயானா அதிபர் இர்ஃபான் அலியும் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மீது ஒருவர் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். வழக்கு தீரவில்லை, பகை போகவில்லை. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போர் வரவில்லை.

எங்கே உட்கார்ந்து பேசினார்கள் தெரியுமா? ஆர்கைல் விமான நிலையத்தில். அறிக்கைக்கே ஆர்கைல் பிரகடனம் என்று பெயர். வெனிசுவேலா ஆள் அனுப்பிக் கட்டிய அதே நிலையத்தில் வைத்து வெனிசுவேலாவிடமே சண்டை வேண்டாம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மொய்க்கு மறுமொய் என்றால் இது!

திமிங்கில விவகாரத்தையும் எதிரணித் தோழி தொட்டார். திமிங்கில வேட்டையைக் கட்டுப்படுத்தும் சர்வதேசத் திமிங்கில ஆணையத்தில் ஜப்பான் பக்கம் வாக்களிக்கிறார்கள், தலைநகர் கிங்ஸ்டவுனில் ஜப்பான் மீன் சந்தை கட்டித் தந்திருக்கிறது என்றார். ஆமாம், அந்த இடத்துக்கே ஊர்க்காரர்கள் 'லிட்டில் டோக்கியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள், மினிபஸ் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் அந்த நாட்டின் பெக்வே தீவுக்காரர்கள் தலைமுறைகளாக ஈட்டியோடு படகில் போய்த் திமிங்கிலம் பிடிப்பவர்கள். ஆண்டுக்கு நான்கு பிடிக்கலாம் என்று ஆணையமே அனுமதித்திருக்கிறது. எனக்குத் திமிங்கிலம் கொல்வது பிடிக்காது. அது வேறு பட்டிமன்றம். அந்த வாக்கில் அவர்கள் சொந்தத் தேவையும் இருக்கிறது என்பதை மட்டும் தோழி குறித்துக்கொள்ளட்டும்.

அதே தோழி "பாஸ்போர்ட்டையே விற்கிற தீவுகள்" என்று பொதுவாக ஒரு போடு போட்டார். அக்கம்பக்கத்தில் ஐந்து நாடுகள் முதலீட்டுக்குக் குடியுரிமை கொடுக்கின்றன: ஆன்டிகுவா, டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ், செயின்ட் லூசியா. அந்தப் பட்டியலில் செயின்ட் வின்சென்ட் பெயர் இல்லையே அம்மா! கொன்சால்வெஸ் ஆட்சியில் இருந்த 24 ஆண்டும் அந்தக் கடையைத் திறக்கவே இல்லை. 2025 நவம்பரில் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 15 இடங்களில் 14ஐப் பிடித்து வந்திருக்கும் கட்சி அந்தத் திட்டத்தை ஆதரித்து வந்த கட்சி. நாளைக்குக் கடை திறந்தால் தோழி என்னை மறுபடி கூப்பிடலாம், அன்றைக்கு நான் வாதாடத் தயங்குவேன்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு விஷயம்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா ஓர் அறிவிப்பு விட்டது. கியூபா மருத்துவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் திட்டத்தோடு தொடர்புள்ள அதிகாரிகளுக்கு விசா கிடையாது என்று. அன்றைக்கு செயின்ட் வின்சென்ட்டில் டயாலிசிஸ் பிரிவு கியூபா மருத்துவப் பணியாளர்களை நம்பி நடந்தது. அறுபது நோயாளிகள். அந்த அறுபது பேர் சாவதைவிட என் விசா போவதே மேல் என்று அப்போது பதவியில் இருந்த கொன்சால்வெஸ் வெளிப்படையாகச் சொன்னார், ராணுவம் இல்லாத நாட்டின் பிரதமர், அமெரிக்காவைப் பார்த்து.

எனக்குப் பின் பேச வரும் எதிரணித் தலைவர் என் மற்ற வாதங்களை விட்டுவிடட்டும். இந்தச் சொல்லுக்குச் சரணாகதி என்று பெயர் வைக்க அவருக்கு மனம் வருகிறதா என்பதை மட்டும் இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.