இரண்டு மணி நேரம் யாரிடம் விடுவது? மாற்றுத்திறன் பிள்ளையைப் பார்க்கிற வீட்டுக்கு ஓய்வு ஏற்பாடு

(விளக்க வீடியோ: பின்னணிக் குரல்)

[காட்சி: தார்சா, மடக்கு சக்கர நாற்காலி, கொடியில் காயும் துணிகள்]

பத்து வயசு, மூளை முடக்குவாதம், எடை 25 கிலோ. இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில் காலையில் கட்டிலிலிருந்து கழிவறைக்கு, அங்கிருந்து குளிக்கிற இடத்துக்கு, திரும்ப நாற்காலிக்கு, மதியம் பாய்க்கு என்று எண்ணிக்கொண்டே போனால் தூக்குவது பத்துத் தடவையைத் தாண்டும். ஒரு அரிசிச் சிப்பத்தைத் தினமும் பத்துத் தடவை தூக்கி இறக்குகிற வேலை. சிப்பம் நெளியாது, விறைக்காது. பிள்ளை இரண்டும் செய்யும். இதைச் செய்வது பெரும்பாலும் ஒரே ஆள், அம்மா. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றைக்கு அந்த வீடே நின்றுபோகும்.

அந்த ஒரே ஆளுக்கு மாற்றாக இன்னொருவரை, முடிந்தால் இருவரை, எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம்.

நம் திருநெல்வேலிப் பக்கத்து நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், ஊர் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது, கிராமங்களுக்கே பயிற்சியாளர்களை அனுப்புகிறது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவதுண்டு. படிப்புக்கும் தெரபிக்கும் வழி இருக்கிறது. ஆனால் “நாலு நாள் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறோம்” என்றால் சரி என்று சொல்கிற இடம் அரிது. மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் ‘சமர்த்’ திட்டம் அப்படிப்பட்ட தங்கலுக்கானதுதான். பதிவு பெற்ற அமைப்பு பக்கத்தில் இருந்தால் மட்டும் பயன்படும். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்டால் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அதனால் பெரிய ஓய்வுக்குக் காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம். கிழமையும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். “முடியாதபோது கூப்பிடுகிறேன்” என்று விட்டுவைத்த ஏற்பாடு எதுவும் நிற்பதில்லை. கூப்பிடக் கூச்சப்படுவார்கள், கூப்பிடும்போது அந்த ஆளுக்கு வேறு வேலை இருக்கும்.

தெரபி நேரத்தை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறி, அங்கே கூடவே உட்கார்ந்து, திரும்பி வருவது இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

[காட்சி: ஆச்சி பிள்ளைக்கு ஊட்டுகிறார், சித்தப்பா தூக்குகிறார்]

யார் பார்ப்பது? எல்லாம் செய்யத் தெரிந்த ஒருவரைத் தேடினால் கிடைக்காது. வேலையைப் பிரியுங்கள். ஆச்சிக்கு ஊட்டத் தெரியும், தூக்க முடியாது. சித்தப்பாவுக்குத் தூக்க முடியும், ஊட்டப் பொறுமை இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஊட்டலும் தூக்கலும் சேர்ந்து வராதபடி நேரத்தை அமைத்தால் ஒரே ஆள் போதும். சாப்பாடு முடித்து, கழிவறை போய்வந்து, பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கைமாற்றுவது நல்லது.

மூத்த பெண்பிள்ளை இருந்தால் எல்லாக் கண்ணும் அவள்மேல்தான் போகும். அவள் அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டலாம். தூக்குவது, மருந்து கொடுப்பது, துணி மாற்றுவது அவள் கணக்கில் வரக் கூடாது. பள்ளிக்கு லீவு போட்டுத் தம்பியைப் பார்க்கிற பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். அந்த ஓய்வு இன்னொரு பிள்ளையின் செலவில் வருகிறது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் பேசவேண்டும். வாய்பேச முடியாத பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல முடியாது. பார்த்துக்கொள்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் கதவு திறந்தே இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு முன்னாலும் சில நாள் திரும்பி வாருங்கள். திடீரென்று ஒருவரைக் கண்டு பிள்ளை விறைத்தாலோ, குளிக்கும்போது புதுசாக அழுதாலோ அந்த ஏற்பாட்டை அன்றே நிறுத்துங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற போக்சோ சட்டம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் பொருந்தும். செய்தவர் உறவினர் என்றால் தண்டனை கூடுமே தவிரக் குறையாது.

ஆள் கிடைத்த பிறகு அவசரம் கூடாது. முதல் இரண்டு மூன்று தடவை அவர் பார்க்கட்டும். அடுத்து, அம்மா பக்கத்தில் இருக்க அவர் செய்யட்டும். பிறகு அம்மா பின்கட்டில் இருக்கலாம். அதற்கப்புறம் அரை மணி நேரம் கடைக்குப் போய் வரலாம். இரண்டு மணி நேரம் கடைசியில்தான். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குத்தான் பல வீடுகளில் முதல் தடவையாக இன்னொருவர் கைக்குப் பிள்ளை போகிறது. பிள்ளை வாயைத் திறக்காது, திறந்தாலும் புரையேறும். ஒருவர் மடியின் சாய்வுக்கும் கழுத்தைப் பிடிக்கிற விதத்துக்கும் பழகின தொண்டை, இன்னொருவர் மடியில் அதே மாதிரி விழுங்காது.

[காட்சி: நாற்பது பக்க நோட்டு, சுவரில் ஒட்டிய ஒரு தாள்]

“நீ போயிட்டு வா மதினி, நான் பாத்துக்கிடுதேன்” என்பது நல்ல மனசு. ஆனால் கூடவே ஒரு நோட்டும் வேண்டும்.

முதலில் சாப்பாடு. என்ன சாப்பிடும் என்பதைவிட எப்படிச் சாப்பிடும் என்று எழுதுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலை பின்னால் சாயாமல், தாடை லேசாகக் கீழே இறங்கி இருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும், சோறு அங்கே போகும். நீரும் பருக்கையும் தனித்தனியாக நிற்கிற சாப்பாடு ரொம்பவும் சிரமம் தரும். ரசம் சோறு, சொதி ஊற்றிய சோறு இரண்டுமே அப்படித்தான். நீர் முந்தி ஓடும், பருக்கை வாயில் நிற்கும். நன்றாக மசித்து, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக விழுகிற பதத்தில் கொடுங்கள். சின்னக் கரண்டி, பாதி அளவு. முதல் வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், குரலில் கரகரப்பு என்றால் ஊட்டுவதை நிறுத்த வேண்டும். “ரெண்டு வாய்தான் இருக்கு” என்று முடிக்கப் பார்ப்பதுதான் நெஞ்சுச் சளியில் கொண்டு விடுகிறது.

அடுத்து மருந்து. “ஒரு மூடி” என்று எழுதாதீர்கள். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடு வரைக்கும் என்று எழுதி, கோட்டில் மார்க்கர் பேனாவால் குறியிடுங்கள். ஒரே மருந்து வேறு கம்பெனியில் வேறு அடர்த்தியில் வரும். புது பாட்டில் வாங்கினால், 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பழைய பாட்டிலோடு ஒத்துப் பாருங்கள். வலிப்பு மருந்தை ஒரு வேளை விட்டாலும் வலிப்பு வரலாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றுக்குப் பாதையே இல்லாமல் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பத்து நாள் மருந்து எப்போதும் கையில் இருக்கட்டும், உயரத்தில், நனையாத டப்பாவில்.

வலிப்பு வந்தால் முதல் வேலை நேரம் பார்ப்பது. ஒரு நிமிஷம் கூட பத்து நிமிஷம் மாதிரித் தெரியும், அதனால் போனில் ஓடவிடுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மடித்த துணி. கையில் இரும்புச் சாவி வேண்டாம். அது வலிப்பை நிறுத்துவதில்லை, அதைத் தேடுகிற நேரத்தில் பிள்ளை மல்லாந்து கிடக்கும். வாயில் கரண்டி, தண்ணீர், விரல் எதுவும் வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிஷம் தாண்டினால் டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயை அடித்து, 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்ப்ரேயின் காலாவதித் தேதியையும் எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். வலிப்பு நின்றபின் பிள்ளை தூங்கும். எழுப்பிச் சோறு ஊட்டக் கூடாது.

தூக்குவதை எழுதிக் காட்ட முடியாது, கையில் செய்து காட்ட வேண்டும். விறைத்த காலோடு அப்படியே தூக்கினால் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொள்ளும். முதலில் இடுப்பையும் முழங்காலையும் மெதுவாக மடக்கி, உருண்டை போலச் சுருட்டி, நெஞ்சோடு சேர்த்து, முழங்காலை மடக்கி எழுந்திருங்கள். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவும். 20 கிலோ தாண்டினால் இருவர், அடியில் மடித்த போர்வை. தானாகப் புரண்டு படுக்காத பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். பிருஷ்டம், குதிகால், முதுகுத்தண்டின் அடி சிவந்து, அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆட்டிசம் பிள்ளை என்றால் தூக்கும் பாடு கிடையாது, காவல்தான் பெரிய பாடு. கதவு திறந்தால் போய்விடும், அதுவும் தண்ணீரைத் தேடிப் போகும். நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், வயல் கிணறு, ஆற்றுப் படித்துறை என்று நம் ஊரில் தண்ணீருக்குக் குறைவா? பிள்ளையைக் காணவில்லை என்றால் தெருவில் விசாரிக்கும் முன் பக்கத்துத் தண்ணீரைப் பாருங்கள். தாழ்ப்பாளை உள்பக்கம், பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் நம்பர் எழுதித் தைத்துவிடுங்கள். கோயில் கொடை நடக்கும் இரண்டு மூன்று நாளும் ஒலிபெருக்கி ஓயாது. மேளமும் வெடியும் தாங்காத பிள்ளைக்கு அந்த நாட்களில்தான் மாற்றிடம் வேண்டும். கொடைக்கு நாள் குறித்ததும் வேறு ஊர்ச் சொந்தக்கார வீட்டில் சொல்லி வையுங்கள். முன்னதாக இரண்டு தடவை கூட்டிப்போய்ப் பழக்குங்கள்.

[காட்சி: பீடித்தட்டு, பக்கத்தில் பாயில் பிள்ளை]

பீடி சுற்றுகிற வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி, பிள்ளைக்குப் போகிற ஒவ்வொரு மணியும் கூலியில் குறையும். ஒரே தெருவில் இப்படி இரண்டு மூன்று வீடு இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். செவ்வாய் மதியம் இந்த வீட்டில், வெள்ளி மதியம் அந்த வீட்டில். பணம் வேண்டாம், மணிக்கணக்கை நோட்டில் எழுதினால் போதும். எழுதாவிட்டால் மூன்றாம் மாதம் மனஸ்தாபம் வரும். ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைக்கு மேல் பார்க்கக் கூடாது. வலிப்பு வருகிற பிள்ளை இருந்தால் அதை மட்டும்தான். அன்றைக்கு முறை வருகிறவர் மடியில் பீடித்தட்டு இருக்கக் கூடாது. தூள் இருமலைக் கிளப்பும், கைக்கு எட்டியதை வாயில் போடுகிற பிள்ளைக்குப் புகையிலை விஷம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாட்டுக்கும் தசைச்சிதைவு நோய்க்கும் 40 சதவீதமும், கடும் உடல் குறைபாட்டுக்கு 75 சதவீதமும் இருக்க வேண்டும். எல்லா வேலைக்கும் இன்னொருவர் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு உதவியாளர் படியாக மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு. வாரம் நாலு மணி நேரத்துக்கு ஒருவரை வைக்க அதிலிருந்து கொடுக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை தருகிறது. சேர வறுமைக்கோட்டுக்குக் கீழே 250, மேலே 500 ரூபாய். தெரபிச் செலவும் இதில் வரும். மார்ச் 31-ல் முடியும், புதுப்பிக்க மறக்கிறவர்கள்தான் அதிகம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடவரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

உதவித்தொகை நின்றுபோனால் முதலில் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில வருஷத்துக்கான தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். ஆதாரிலும் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டையிலும் தலைப்பெழுத்து வேறு வேறாக இருந்தாலும் சிக்கல் வரும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் ரசீதை வாங்கி வையுங்கள்.

எப்போதாவது ஒரு இல்லத்தில் இரவு தங்க வைப்பதாக இருந்தால், போய்ப் பார்க்க ஏற்ற நேரம் இரவு எட்டு மணி. பகலில் எல்லா இடமும் நன்றாக இருக்கும். இரவில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், வலிப்பு வந்தால் யார் என்ன செய்வார், பதிவுச் சான்று எங்கே, சொல்லாமல் வந்து பார்க்கலாமா? இதில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் வேண்டாம். முதல் தடவை ஒரு இரவு மட்டும். மருந்தை மூல டப்பாவோடு, தங்கும் நாளைவிட மூன்று நாள் கூடுதலாகக் கொடுங்கள். மூட்டைக்குள் போடாமல் கையில் கொடுத்து, எண்ணி, கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளைக்குப் பதினேழு நடக்கிற வீட்டுக்கு ஒரு செய்தி. 18 முடிந்ததும் சட்டப்படி அப்பா அம்மா தானாகக் காப்பாளர் ஆவதில்லை. மேலே சொன்ன நான்கு வகைக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவில் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து, ஒரு இல்லத்தில் சேர்ப்பதற்கான கையெழுத்து, எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள். விண்ணப்பம் அதே கொக்கிரகுளம் அலுவலகத்தில்தான். மாற்றுத்திறன் சான்று, வயதுச் சான்று, பெற்றோர் இருவரின் ஆதார் ஆகியவற்றை இப்போதே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.