ஃபைல் இருக்கு, ஆனா இல்லன்னு சொல்லுது

வணக்கம் நேயர்களே. லினக்ஸ் டெர்மினல் பக்கம் புதுசா வந்து முழிச்சிட்டு இருக்கிறவங்களுக்காகத்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன். ஒரு புரோகிராம டவுன்லோட் பண்ணியாச்சு, எல்எஸ் அடிச்சா ஃபைல் கண்ணு முன்னாடியே இருக்கு, பெர்மிஷனும் சரியா இருக்கு, ஆனா ரன் பண்ணா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு வருது, அப்படி ஒரு ஃபைலே இல்லையாம்! உடனே மறுபடி டவுன்லோட் பண்ணுவாங்க, பாத் செட்டிங்க மாத்துவாங்க, பாதி நாள் அதுலயே போயிரும், பாவம் அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது.

நடக்குறது என்னன்னா, நீங்க டைப் பண்றத வாங்கிக்குற ஷெல், அந்த ஃபைல ஓட்டச் சொல்லி லினக்ஸோட மையமான கெர்னல்கிட்ட குடுக்குது, கெர்னலும் தொறந்து பாக்குது, ஆனா பெரும்பாலான புரோகிராம் தானா ஓடாது, அத ஏத்தி ஓட வைக்க லோடர்னு இன்னொரு ஃபைல் வேணும், அது இருக்குற இடம், அதாவது பாத், புரோகிராமுக்குள்ளயே எழுதியிருக்கும். 32 பிட் இன்டெல் புரோகிராம்னா எல்டி-லினக்ஸ் டாட் எஸ்ஓ டாட் 2. வெறும் 64 பிட் உபுண்டுல அது இருக்காது. ஆக காணாமப் போனது லோடர்! கெர்னல் திருப்பிக் குடுக்குறதோ 2-ன்னு ஒரே ஒரு எரர் நம்பர், எந்த ஃபைல் இல்லங்கிற விவரம் அதுல கிடையாது, ஷெல்லும் நீங்க டைப் பண்ண பேரயே அதோட ஒட்டிக் காட்டிருது.

கமாண்டுகள வரிசையா எழுதி வச்ச டெக்ஸ்ட் ஃபைலான ஸ்கிரிப்ட்லயும் இதே கததான். விண்டோஸ்ல சேவ் பண்ணா ஒவ்வொரு வரி கடைசிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரக்டர் சேந்துக்கும், மொத வரில இருக்குற, ஸ்கிரிப்ட ஓட்டுற பாஷ்ங்கிற ஷெல்லோட பாத்லயும் அது ஒட்டிக்கும், அப்படி ஒரு பாஷ் எந்த மெஷின்ல இருக்கும் சொல்லுங்க? புரோகிராம தனியா ஒரு பெட்டிக்குள்ள ஓட்டுற டாக்கர் கன்டெய்னர்ல இது வந்தா ரொம்பக் கொடும, ஸ்கிரிப்டே இல்லன்னு சொல்லிரும்.

அதனால மொதல்ல "ஃபைல்"ங்கிற கமாண்டோட புரோகிராம் பேரக் குடுத்துப் பாருங்க. இன்டர்ப்ரெட்டர்னு ஒரு பாத் காட்டும், அதுதான் லோடர், அது உங்க மெஷின்ல இருக்கான்னு தேடுங்க. உபுண்டுல லிப்சி6-ஐ386 பேக்கேஜ் போட்டா அந்த 32 பிட் லோடர் வந்துரும், ஸ்கிரிப்டுக்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத கேரக்டர எடுத்துடுற டாஸ்2யூனிக்ஸ் கமாண்டு போதும்.

2022ல வந்த பாஷ் 5.2, தேவையான ஃபைல் கிடைக்கலன்னு மெசேஜ மாத்திச்சு, நல்ல மாற்றம்தான், ஆனா எந்த ஃபைல்னு அதுவும் சொல்லல. 5.2க்கு முன்னாடி ஸ்கிரிப்டுக்கு இன்டர்ப்ரெட்டர், அதாவது அத ஓட்டுற புரோகிராம், பேரச் சொல்லிட்டிருந்த பாஷ், லோடருக்கும் அதே மாதிரி பேரப் போட்டே ஆகணும்.