உருக்குமுன் அந்த நம்பரைப் பாருங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமார்களே, இந்த வெக்கையிலும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாளையங்கோட்டை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ராணுவம் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிக் குவியலை உருக்குவதா, காப்பதா என்பது தலைப்பு. நாங்கள் காக்கச் சொல்கிற அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, "துருப்பிடித்த இரும்புக்குச் சேகரிப்பாளர்கள் ஏன் ஒப்பாரி வைக்கிறார்கள்?" என்று கேட்டுக் கைதட்டும் வாங்கிவிட்டார். அவர் வெள்ளைக்காரன் காலத்து ராணுவத் துப்பாக்கியான த்ரீ நாட் த்ரீயைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை போல.

நான் பிடித்திருக்கிறேன். கல்லூரி என்சிசியில் கொடுத்தார்கள், நாலு கிலோ, அரை மணி நேரம் தோளில் வைத்தால் எலும்பு பேசும். பிடிப்பகுதியில் துணியால் துடைத்தால் ஒரு கிரீடம், அதன் கீழே ஜி.ஆர். என்று அன்றைய ராஜா ஜார்ஜின் முத்திரை, அதற்கும் கீழே 1917. முதல் உலகப்போர் நடந்த வருஷம் ஐயா! தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டில் ஒரு நம்பர், உடம்பில் ஒரு நம்பர். அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே போல்ட்டைப் பொருத்தி நம்பர் அடிப்பார்கள், அதனால் இரண்டும் ஒன்றாக இருந்தால் சேகரிப்பாளருக்குத் தலைகால் புரியாது. நம் வீடுகளில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, அவர்களுக்கு இந்த ஒரு பொருத்தம் போதும். குவியலாக உலையில் கொட்டும்போது நூறு வருஷம் பிரியாத ஜோடியும் சேர்ந்தேதான் போகிறது. வயிறு எரியாதா?

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார், மாலி நாட்டில் 1996-ல் திம்புக்டுவில் சுமார் 3,000 ஆயுதங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள் என்று. உண்மை. உள்நாட்டுச் சண்டை முடிந்த சூட்டோடு செய்தது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டாரே! எரிந்து மிஞ்சிய துப்பாக்கித் துண்டுகளை அங்கேயே நினைவுச் சின்னத்தில் பதித்து வைத்தார்கள். எரித்தவர்களுக்கே கண்ணில் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது.

நேபாளத்தைப் பாருங்கள். காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில், மார்ட்டினி ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் துப்பாக்கி முதல், கைப்பிடியைச் சுற்றிச் சுடுகிற, அந்த நாட்டிலேயே செய்த பீரா என்ற இயந்திரத் துப்பாக்கி வரை தூசியும் கெட்டிப்பட்ட கிரீஸுமாக ஆயிரக்கணக்கில் கிடந்தன. 2003 வாக்கில் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். விற்றதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் இன்று பீரா எப்படி வேலை செய்யும் என்று ஒருவன் கழற்றிக் காட்டுகிறான் என்றால் அது உலைக்குப் போகாததால்தான்.

ஆபத்து என்பீர்கள். என் கையில் இருந்த துப்பாக்கியில் டிபி என்று அடித்திருந்தது, டிரில்லுக்கு மட்டும் என்று அர்த்தம், அதில் சுட முடியாது. குழலில் ஓட்டை போட்டு, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. ரிப்பேர் செய்தும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கு நம் ஆயுதச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை அண்ணாச்சி, வகைக்கு நாலு எடுத்து வையுங்கள் என்கிறோம்.

இதை நம் ஊரில் நின்றுகொண்டு கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆத்திரம். 1801-ல் ஊமைத்துரையோடு பாளையக்காரர் போர் அடங்கியதும் வெள்ளைக்காரன் கோட்டைகளை இடித்தான், ஆயுதங்களை ஊர் ஊராகப் பறித்தான். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பிள்ளைகளை டூர் கூட்டிப் போகிறோமே, அங்கே நிற்பது 1974-ல் கட்டிய கோட்டை. "கட்டபொம்மன் ஆட்கள் பிடித்த துப்பாக்கி எங்கே மாமா?" என்று என் அக்கா மகன் கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன்.

மணி அடித்துவிட்டார்கள். உட்காருகிறேன் ஐயா.