கடல் விழுங்கிய ஐந்து விமானங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் பெர்முடா முக்கோணம் என்று சொன்னால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒரு கதை சொல்லும். போன கப்பல் திரும்பவில்லை, பறந்த விமானம் மறைந்துவிட்டது, வேற்றுக்கிரகத்தார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கடலுக்கடியில் ஏதோ காந்தம் இருக்கிறது... நான் சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக வேலை பார்த்தவன். தூரத்துக் குரலைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுதான் அந்த வேலை. அதனால் இந்த மாதிரிக் கதை எது வந்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக அவர்கள் ரேடியோவில் என்ன பேசினார்கள்?

இன்றைக்கு ஒரு சம்பவத்தை நிதானமாகச் சொல்கிறேன். நேரம் இருந்தால் இன்னும் இரண்டு.

1945 டிசம்பர் 5. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் கடற்படை விமானத் தளம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அவெஞ்சர் என்ற குண்டுவீச்சு ரகத்தில் ஐந்து விமானங்கள் கிளம்புகின்றன. மொத்தம் 14 பேர். தலைமை, லெப்டினன்ட் சார்லஸ் டெய்லர். போர்முனை கண்டவர். மற்ற விமானிகள் அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள். கிழக்கே கடலுக்கு மேல் போய், வடக்கே திரும்பி, பிறகு மேற்கே கரைக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் டெய்லரின் குரல் கேட்கிறது. இரண்டு திசைகாட்டியும் வேலை செய்யவில்லை என்கிறார். கீழே தீவுகள் தெரிகின்றன, புளோரிடாவின் தென்முனையில் இருக்கும் கீஸ் தீவுகள் மாதிரி இருக்கிறது என்கிறார். இங்கேதான் எல்லாம் தடம் புரள்கிறது. அவர் அதற்கு முன்பு மயாமியில் இருந்தவர், அந்தத் தீவுகள் அவருக்குப் பழக்கம். ஆனால் அப்போது அவருக்குக் கீழே இருந்தவை அநேகமாக புளோரிடாவுக்குக் கிழக்கே இருக்கும் பஹாமாஸ் தீவுகள்.

இரவு பேருந்தில் தூங்கி நடுவழியில் விழித்துப் பாருங்கள், வண்டி வந்த வழியே திரும்பிப் போவது போலத் தோன்றும். மனசுக்குள் திசை ஒருமுறை புரண்டுவிட்டால் கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்லும். கீஸ் தீவுகளின் மேல் இருந்தால் வடகிழக்கே போனால் கரை வரும். பஹாமாஸ் மேல் இருந்துகொண்டு வடகிழக்கே போனால் வருவது அட்லாண்டிக் பெருங்கடல்தான். மேற்கே போனால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பயிற்சி விமானி ஒருவர் சொன்னதும் ரேடியோவில் கேட்டிருக்கிறது. அவர்களோ கொஞ்ச நேரம் கிழக்கு, கொஞ்ச நேரம் மேற்கு என்று மாறி மாறிப் பறந்தார்கள்.

என் தொழில் சம்பந்தப்பட்ட இடம் இது, கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். ஆபத்துக்கென்று தனியாக இருக்கும் அலைவரிசைக்கு மாறச் சொல்லிக் கரையிலிருந்து கேட்டார்கள். டெய்லர் மாறவில்லை. மாறும்போது மற்ற நான்கு விமானங்களில் ஒன்று தவறிப்போனால் என்ன செய்வது என்பது அவருடைய பயம். ரேடியோ தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அதே நேரத்தில் கரையில் இருந்தவர்கள் பல நிலையங்களில் கேட்ட ஒலியை வைத்து, அவர்கள் பஹாமாஸுக்கு வடக்கே இருக்கிறார்கள் என்று ஏறக்குறைய ஆறு மணி வாக்கில் கண்டுபிடித்தும் விட்டார்கள். அந்தச் செய்தி டெய்லரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கண்டுபிடித்தாயிற்று, சொல்ல முடியவில்லை. இந்தச் சம்பவத்தில் என்னை உலுக்குவது இதுதான்.

அதற்குள் இருட்டிவிட்டது. வானிலையும் கெட்டுவிட்டது. எல்லோரும் நெருங்கி வாருங்கள், முதல் விமானத்தில் எரிபொருள் பத்து கேலனுக்கு, அதாவது சுமார் 38 லிட்டருக்குக் குறைந்ததும் சேர்ந்தே கடலில் இறங்குவோம் என்று டெய்லர் சொல்கிறார். ஏழு மணிக்குப் பிறகு குரல் இல்லை.

அவர்களைத் தேடப் போன மாரினர் என்ற கடல் விமானத்தில் 13 பேர். அதுவும் திரும்பவில்லை. அதையும் மர்மம் என்பார்கள். ஆனால் எரிபொருள் ஆவி உள்ளே கசிகிறது என்று கெட்ட பெயர் வாங்கிய ரகம் அது. அன்றிரவு 7.50 மணிக்குக் கடலில் தீப்பிழம்பு எழுந்ததைக் கெய்ன்ஸ் மில்ஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பார்த்து, தகவலும் கொடுத்தது.

சரி, அப்புறம் மர்மம் எங்கிருந்து வந்தது? கடற்படை விசாரணை முதலில் டெய்லர் மேல்தான் குற்றம் சொன்னது. அவருடைய தாய் ஒப்புக்கொள்ளவில்லை. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை, எதை வைத்து என் மகன் மேல் பழி போடுகிறீர்கள் என்று வாதாடினார். கடைசியில் கடற்படை அறிக்கையைத் திருத்தி, காரணம் தெரியவில்லை என்று எழுதியது. திருத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வரியைக் கதை எழுதுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மோசமான வானிலையை எடுத்துவிட்டு வானம் பளிச்சென்று இருந்தது என்றார்கள். பயிற்சி விமானிகளை எல்லாம் கைதேர்ந்தவர்கள் ஆக்கினார்கள். ரேடியோவில் யாரும் பேசாத வசனங்களைச் சேர்த்தார்கள். 1964-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரை பெர்முடா முக்கோணம் என்ற பெயரையும் சூட்டியது. திரும்பவும் சொல்கிறேன், அந்தத் தாய் மகனுக்காகக் கேட்டு வாங்கிய வரி அது. அதைப் பேய்க்கதைக்கு முதலாக்கியது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

நம் கடலுக்கு வருவோம். 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. 29 பேர். கப்பல்களும் விமானங்களும் நாள்கணக்கில் தேடின, ஒன்றும் அகப்படவில்லை. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி, 3400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் எடுத்தது. ஊட்டி தொட்டபெட்டா சிகரத்தை அந்த இடத்தில் இறக்கினால் உச்சிக்கு மேலும் எழுநூறு மீட்டருக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும். விமானம் அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தது. தேடிப் போகத்தான் நமக்கு அவ்வளவு காலம் ஆனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்து நண்பர் கையைக் காட்டுகிறார். மேரி செலஸ்டை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். 1872 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளைத் தாண்டி ஆளே இல்லாமல் மிதந்துகொண்டிருந்த பாய்மரக் கப்பல் அது. மேசையில் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது என்பார்கள். கப்பலைப் பார்த்தவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது வேறு: உயிர்காப்புப் படகு இல்லை, தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்று கழற்றிக் கிடந்தது. சரக்கு 1701 பீப்பாய் எரிசாராயம், அதில் ஒன்பது பீப்பாய் காலி. ஆவி வெடித்துவிடும் என்றோ கப்பல் மூழ்கிவிடும் என்றோ பயந்து கேப்டன் எல்லோரையும் படகில் இறக்கியிருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான விளக்கம். படகில் போனவர்களில் கேப்டனின் மனைவியும் இரண்டு வயது மகளும் உண்டு. இதை விரிவாகப் பேச இன்னொரு நாள் கேட்டு வாங்குகிறேன். நன்றி, வணக்கம்.