காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை மருத்துவராக நான் மிகுந்த அக்கறையோடு பேச விரும்பும் ஒன்றுக்கு இன்று நேரம் கிடைத்திருக்கிறது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருகிறது. ஜன்னி என்றும் ஃபிட்ஸ் என்றும் நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கண்கள் மேலே செருகி, கைகால் விறைத்து வெட்டி, உதடு நீலம் பாய்வதைப் பார்க்கும் தாய்க்குப் பிள்ளை கைவிட்டுப் போய்விட்டதாகவே தோன்றும். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் ஐந்து நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடுகின்றன.

ஒரு பாட்டியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றரை வயதுப் பேரனுக்கு வலிப்பு வந்தபோது, அக்கம்பக்கத்தார் ஒருவர் இரும்புச் சாவியோடும் இன்னொருவர் கரண்டியோடும் ஓடி வந்திருக்கிறார்கள். அவர் எல்லோரையும் விலக்கிவிட்டுப் பிள்ளையைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, வாயோரம் வழிந்த நுரையைத் துணியால் துடைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அருகிலேயே உட்கார்ந்திருந்தார். எந்தக் கை வெட்டியது என்று நான் கேட்டதும், “ரெண்டு கையும் ஒண்ணாத்தான் டாக்டர், ரெண்டு நிமிஷம் இருக்கும், அப்புறம் தூங்கிட்டான், எழுந்ததும் என்னைப் பார்த்து அழுதான்” என்றார். ஸ்கேன்கூடச் சொல்லாத விவரங்கள் அவை. அவற்றை வைத்தும் பிள்ளையைச் சோதித்துப் பார்த்தும், இது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று அந்த வீட்டாரிடம் என்னால் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

சாவி கொடுத்ததும் நின்றது, வெங்காயம் முகரவைத்ததும் நின்றது என்பார்கள். தானாக நிற்கவிருந்த வலிப்பு அந்த நேரத்தில் நின்றது, அவ்வளவுதான். கரண்டியோ கெடுதலே செய்யும். வலிப்பில் நாக்கை யாரும் விழுங்கிவிடுவதில்லை. கரண்டியால் பல் உடைந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம். வாயில் ஊற்றும் தண்ணீரும் மருந்தும் நுரையீரலுக்குள் இறங்கலாம். ஆகவே மீண்டும் சொல்கிறேன்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்; வலிப்பை நிறுத்துவதற்கென்றே முன்பே மருத்துவர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்ப்ரே வீட்டில் இருந்தால் அவர் சொன்ன அளவில் அடியுங்கள்.

வராமல் தடுக்க முடியாதா என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். பாராசிட்டமால் பிள்ளையின் உடம்பு வலியையும் சிணுங்கலையும் குறைக்கும்; வலிப்பைத் தடுக்கும் என்று அதை நம்பியிருக்க முடியாது. உடம்பு சுடுவதை வீட்டில் யாரும் கவனிக்கும் முன்பே வலிப்பு வந்துவிடுவதும் உண்டு. மருந்து கொடுக்கத் தாமதித்ததால்தான் வந்தது என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம், வீட்டாரும் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். மருந்தின் அளவைப் பிள்ளையின் எடையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 உள்ள சிரப்பும் கடையில் ஒன்றுபோலவே இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

நேரம் நெருங்குவதாகச் சைகை காட்டுகிறார்கள். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வலிப்பு நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே நாளில் மறுபடி வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வெட்டினாலோ, தெளிவு திரும்பாவிட்டாலோ, கழுத்து விறைத்தாலோ, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடிக்கடி வரும் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் நாட்களில் மட்டும் குளோபசாம் என்ற வலிப்புத் தடுப்பு மருந்தைக் கொடுப்பதுண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்வார். வலிப்பு வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது மறுபடியும் வரலாம். அதற்குப் பயந்து தடுப்பூசியை நிறுத்திவிடாமல், ஊசி போடும் செவிலியரிடம் முந்தைய வலிப்பைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.