1.5 மடங்கு வேகத்தில் பார்க்கக் கூடாத மூன்று தொடர்கள்

[திரையில்: மூன்று தொடர்களின் போஸ்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக]

வணக்கம். சமீபத்தில் பார்த்த மூன்று தொடர்களைப் பற்றி இந்த வீடியோவில் பேசப்போகிறேன். ஒன்று பிரிட்டனின் ‘அடோலசென்ஸ்’. இரண்டாவது அமெரிக்காவின் ‘தி பிட்’. மூன்றாவது கொரியாவின் ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’. மூன்றுமே 2025-இல் வெளிவந்தவை. கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லாமல் இவற்றைப் பற்றிப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து கேட்டால் நல்லது.

ஒன்று கொலை வழக்கு, ஒன்று ஆஸ்பத்திரி, ஒன்று தீவில் வாழும் ஒரு குடும்பம். இவற்றை ஏன் ஒரே வீடியோவில் சேர்த்தேன்?

நம்மில் நிறையப் பேர் இப்போது தொடர்களை முழுதாகப் பார்ப்பதில்லை. மொத்தக் கதையையும் அரை மணி நேரத்தில் தமிழில் சொல்லிவிடும் வீடியோவைக் கேட்டுக்கொள்கிறோம். இல்லையென்றால் 1.5 வேகத்தில் ஓடவிட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிடுகிறோம். நேரம் கிடைக்காதவர்களுக்கு அது உதவியாக இருக்கிறது, அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்று தொடர்களிலும் கதையைச் சொல்வதே நேரம்தான். எந்த நிமிடத்தைக் காட்டுவது, எந்த வருடத்தைத் தாண்டிப் போவது என்பதை இவற்றை எடுத்தவர்கள் ரொம்ப யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டினால் அந்த முடிவுதான் முதலில் காணாமல் போகிறது.

[திரையில்: விடியற்காலைத் தெரு, வரிசையாக வீடுகள்]

‘அடோலசென்ஸ்’ நான்கே எபிசோடுகள். ஸ்டீபன் கிரஹாமும் ஜாக் தோர்னும் எழுதி, பிலிப் பாரன்டினி இயக்கியது. காலை நேரத்தில் போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. மாடியில் படுத்திருக்கும் 13 வயதுப் பையன் ஜேமியைக் கைது செய்கிறது. கூடப் படிக்கும் கேட்டி என்ற பெண்ணைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. பயத்தில் அவன் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான்.

ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட். நடுவில் வெட்டே கிடையாது, ஒட்டுப்போட்டு ஒரே ஷாட் மாதிரி காட்டும் தந்திரமும் கிடையாது. ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸின் குழு கேமராவைக் கைமாற்றிக் கைமாற்றி வீட்டுக்குள், வேனுக்குள், போலீஸ் ஸ்டேஷனுக்குள் கொண்டுபோகிறது. ஒரு எபிசோடுக்கு மூன்று வாரம் ஒதுக்கினார்கள். முதல் வாரம் நடிகர்களின் ஒத்திகை, இரண்டாவது வாரம் கேமராவோடு ஒத்திகை, மூன்றாவது வாரம் படப்பிடிப்பு. முதல் எபிசோடாக நாம் பார்ப்பது இரண்டாவது டேக். கடைசி எபிசோடுக்கு 16-ஆவது டேக் வரை போயிருக்கிறார்கள்.

இதைச் சாதனை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நிறைய விமர்சனங்கள் அங்கேயே நின்றுவிட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வெட்டு இல்லாததால் நாம் எங்கேயும் தப்பித்துப் போக முடியாது. வழக்கமான போலீஸ் தொடரில் கைது நடந்ததும் அடுத்த காட்சி விசாரணை அறைதான். நடுவில் நடப்பதை யாரும் காட்டமாட்டார்கள். இங்கே வேனில் அந்தப் பையனோடு நாமும் உட்கார்ந்து போகிறோம். ஸ்டேஷனில் பெயர் பதிவு, கைரேகை, போட்டோ, நர்ஸின் கேள்விகள், வக்கீலின் அறிவுரை என்று எல்லாவற்றுக்கும் கூடவே இருக்கிறோம்.

அப்புறம் அவன் உடைகளைக் களைந்து சோதிக்க வேண்டும் என்கிறார்கள். சட்டப்படி பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஜேமி அப்பாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். சோதனை நடக்கும்போது கேமரா பையனைப் பார்ப்பதில்லை, அப்பா எடியின் முகத்தையே பார்க்கிறது. எடியாக நடிப்பவர் ஸ்டீபன் கிரஹாம். தன் பிள்ளையை அந்த நிலையில் பார்க்கவும் முடியாமல், விட்டுவிட்டுப் போகவும் முடியாமல் ஒரு அப்பா நிற்கிறார். கதைச் சுருக்கத்தில் இதற்கு இடமே இருக்காது, ஏனென்றால் கதைப்படி இங்கே எதுவும் நடக்கவில்லை. எனக்கு முதல் எபிசோடே இந்தக் காட்சிதான்.

[திரையில்: ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள்]

மூன்றாவது எபிசோடில் கிட்டத்தட்ட முழு நேரமும் ஒரே அறை. ஜேமியும், அவனை மதிப்பீடு செய்ய வந்த உளவியலாளர் பிரயோனியும் பேசுகிறார்கள். பிரயோனியாக எரின் டோஹர்ட்டி. ஜேமியாக ஓவன் கூப்பர். இந்தப் பையன் அதற்கு முன் கேமரா முன்னால் நடித்ததே இல்லை. முதலில் படமாக்கியதும் இந்த மூன்றாவது எபிசோடைத்தான். நடுவில் ஜேமி கொட்டாவி விடுவான், உடனே பிரயோனி, ‘நான் உனக்குப் போர் அடிக்கிறேனா?’ என்று கேட்பார். அது எழுதி வைத்தது இல்லை. பையனுக்கு உண்மையாகவே கொட்டாவி வந்தது, அவர் கதாபாத்திரத்தை விட்டு வெளியே வராமல் அதைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அறையில் ஜேமி சிரிக்கிறான், குழந்தை போல் கெஞ்சுகிறான், திடீரென்று எழுந்து கத்துகிறான், அந்தப் பெண் மிரள்வதைப் பார்த்து ரசிக்கவும் செய்கிறான். வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் இரண்டு வேறு பையன்களைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும். ஒரே மூச்சில் பார்க்கும்போதுதான், ஹாட் சாக்லேட்டை வாங்கிக் குடிக்கும் பையனும் அந்தக் கப்பைத் தட்டிவிடும் பையனும் ஒரே ஆள் என்பது உறைக்கிறது. கடைசியில் அவனை வெளியே இழுத்துப் போகும்போது, ‘என்னைப் பிடிக்குமா இல்லையா, சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டே போகிறான். இந்த நடிப்புக்காக 2025 செப்டம்பரில் ஓவன் கூப்பர், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கொடுக்கும் எம்மி விருதை வாங்கினான். அப்போது வயது 15. நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களில் அவன்தான் மிக இளையவன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எபிசோடுக்குள் ஒரு நொடியைக்கூட விடாத இந்தத் தொடர், எபிசோடுகளுக்கு நடுவில் மாதக்கணக்கில் தாண்டிப் போகிறது. முதல் எபிசோடு கைதான நாள். இரண்டாவது எபிசோடு, கைதான மூன்றாம் நாள். மூன்றாவது ஏழு மாதம் கழித்து. நான்காவது 13 மாதம் கழித்து, எடியின் 50-ஆவது பிறந்தநாளில். நீதிமன்றத்தை ஒருமுறைகூடக் காட்டவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று ஜேமி சொல்வதே, எடியின் வேன் ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் வருகிறது. அம்மாவும் அக்காவும் அதே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாதாரணத் தொடர் எதை உச்சக்கட்டம் ஆக்குமோ அதை இவர்கள் தாண்டிவிட்டார்கள். எதைத் தாண்டுவார்களோ அதில் ஒரு மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறார்கள்.

எனக்குக் குறை இல்லாமல் இல்லை. செத்துப்போன கேட்டி யார் என்று கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. இரண்டாவது எபிசோடில் பெண் போலீஸ் அதிகாரி ஒருவர், ஜேமியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை மறந்துவிடுவார்கள் என்று வருத்தப்படுகிறார். எழுதியவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. ஆனால் தெரியும் என்று வசனத்தில் சொல்லிவிட்டால் போதுமா? பள்ளிக்கூடத்தில் நடக்கும் அந்த எபிசோடிலாவது கேட்டியின் தோழியோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். தாழ்வாரத்தில் நடக்கும் நடையைக் குறைத்திருந்தாலே இடம் கிடைத்திருக்கும்.

[திரையில்: கடிகாரம், காலை 7 மணி]

சரி, ‘தி பிட்’. பிட்ஸ்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு. முதல் சீசனில் 15 எபிசோடுகள், ஒரே ஷிஃப்ட், ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரம். ராபி என்று எல்லாரும் கூப்பிடும் மூத்த டாக்டராக நோவா வைலி. பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. மெஷின் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும்தான்.

நிக் என்ற கல்லூரி மாணவன் காலையில் வருகிறான். சாதாரண மாத்திரை என்று நினைத்து விழுங்கியதில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான போதை மருந்து கலந்திருக்கிறது. மூளை இறந்துவிட்டது. மற்ற ஆஸ்பத்திரித் தொடர்களில் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டுவார், பெற்றோர் அழுவார்கள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே அந்த அப்பா அம்மாவுக்கு மணிக்கணக்கில் நேரம் தேவைப்படுகிறது. இதயம் துடிக்கிறதே என்கிறார்கள். இன்னொரு டெஸ்ட் எடுங்கள் என்கிறார்கள். நடுவில் நாம் வேறு நோயாளிகளிடம் போய்விட்டுத் திரும்பி வருகிறோம், அவர்கள் அதே அறையில் அப்படியே இருக்கிறார்கள். எபிசோடுகள் கடந்துதான் உறுப்பு தானத்துக்குச் சம்மதிக்கிறார்கள். ஊழியர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, அவனை நடுவில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு மரணத்தை ஏற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் திரையில் இவ்வளவு நேர்மையாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

காத்திருப்பு அறையும் அப்படித்தான். நெஞ்சுவலி என்று வந்த ஒருவர் எபிசோடு எபிசோடாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் வெளியே நிற்கும் மூத்த நர்ஸ் டானாவை முகத்திலேயே குத்திவிட்டுப் போய்விடுகிறார். அவர் செய்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தக் கோபம் எப்படி ஏறிக்கொண்டே வந்தது என்பதை நாமும் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். டானாவாக நடித்த கேத்தரின் லநாசாவுக்கும் எம்மி கிடைத்தது, முழுக்க நியாயம்.

மாலையில் ஒரு துப்பாக்கிச்சூடு நடக்க, முடிய வேண்டிய ஷிஃப்ட் முடியாமல் நீள்கிறது. அதற்கு மேல் வரும் எபிசோடுகளை நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சில இடங்களில் டாக்டர்கள் பேசுவது சுகாதாரத் துறை விழிப்புணர்வுப் படம் போல் ஆகிவிடுகிறது. ஒரே நாளில் இத்தனையும் நடக்குமா என்ற கேள்வியும் வந்துபோகிறது.

[திரையில்: கடலோரக் கிராமம், கருங்கல் மதில்கள், மஞ்சள் பூக்கள்]

மூன்றாவது தொடர் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ‘டேஞ்சரின்ஸ்’ ஒரு மணி நேரத்தை விரித்துக் காட்டுவதில்லை, ஒரு முழு வாழ்க்கையை 16 எபிசோடில் அடக்குகிறது. லிம் சாங்-சுன் எழுதி, கிம் வொன்-சோக் இயக்கியது. ஜெஜு தீவில் 1951-இல் பிறந்த ஏ-சுன் என்ற பெண்ணின் கதை. கவிஞர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அம்மா ஹேன்யோ. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுக்கும் பெண்களுக்கு அங்கே அதுதான் பெயர். அந்த அம்மா 29 வயதிலேயே இறந்துபோகிறாள்.

வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பகுதிகள். 2025 மார்ச் மாதத்தில் வாரம் நான்கு எபிசோடாக வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் முடிக்க முடியாமல் போனது இந்தக் கதைக்கு நல்லதாகவே அமைந்தது. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது அவர்களுக்கும் வயது ஏறியிருந்தது.

ஏ-சுனின் இளவயதுப் பாத்திரத்தில் நடிப்பவர் ஐயூ. ஏ-சுனின் மகள் கும்-மியோங்காக வளர்ந்து நிற்பவரும் அதே ஐயூ. நடுத்தர வயது ஏ-சுன், மூன் சோ-ரி. இந்த ஏற்பாடு என்ன செய்கிறது என்று பாருங்கள். சியோலில் படிக்கும் மகள் அம்மாவிடம் போனில் எரிந்து விழுகிறாள். எரிந்து விழும் அந்த முகம், கொஞ்ச எபிசோடுகளுக்கு முன்னால் நாம் பார்த்த அம்மாவின் முகம். கல்லூரிக் கனவை விட்டுவிட்டு முட்டைக்கோஸ் விற்கும் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவிதை படித்தவளின் முகம். மகளுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். காலத்தைக் காட்ட நரைமுடி ஒட்டுவதைவிட எவ்வளவோ பலமான வழி இது.

அந்த மகள் ஜப்பானுக்குப் படிக்கப் போவதற்காக வீட்டை விற்கிறார்கள். அவளே பின்னால் இந்தக் கதையை நமக்குச் சொல்கிறாள். வாங்கிக்கொண்டபோது அவளுக்குக் கூச்சமாகவும் எரிச்சலாகவும் இருந்தது எல்லாம், சொல்லும்போது வேறு மாதிரி ஆகியிருக்கிறது.

புயலில் ஏ-சுனின் மூன்றாவது குழந்தை இறந்துபோகும் எபிசோடைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது அதற்கு அடுத்து வருவதை. வீட்டில் இன்னும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு ஆக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வந்து சேர்கிறார்கள். பெற்றோர் எழுந்துவிடுகிறார்கள், கதையும் நகர்ந்துவிடுகிறது. வருடங்கள் ஓடுகின்றன, மற்றப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் எங்கோ ஒரு மூலையில், ஒரு பேச்சின் நடுவில், அந்தச் சின்னவன் திரும்ப வந்துகொண்டே இருக்கிறான். பத்துப் பதினைந்து மணி நேரம் அவர்களோடு இருந்தவர்களுக்குத்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அவர்கள் கஷ்டப்பட்ட காலத்தில், வாடகைக்கு இருந்த வீட்டின் கிழவியும் கிழவரும் யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானையில் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி போட்டு வைப்பார்களே, அதுவும் அப்படித்தான். சொன்னால் ஒரு வரி. பார்த்தால் தொண்டை அடைக்கும்.

கணவன் குவான்-ஷிக் எனக்கு ஒரு குறையாகப் பட்டான். பார்க் போ-கம், பிறகு பார்க் ஹே-ஜூன் இருவரும் அருமையாக நடித்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவன் ஒரு தப்புகூடச் செய்யாதவன். ஏ-சுனுக்காகக் கப்பலிலிருந்து குதித்து நீந்தி வந்தவன், அதன்பின் வாழ்நாள் முழுக்க அதே அளவு நல்லவனாக இருக்கிறான். ஏ-சுனுக்கு உள்ள ஆசையும் கோபமும் பொறாமையும் அவனுக்கு இல்லை. இருந்திருந்தால் அந்தக் கடைசி எபிசோடுகள் இன்னும் கனத்திருக்கும். மகளின் காதலனுடைய அம்மாவையும் ஒரே நிறத்தில் தீட்டிவிட்டார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் ‘டேஞ்சரின்ஸ்’. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம், முடிந்தால் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். ‘தி பிட்’ வார இறுதிக்குச் சரியாக இருக்கும், ரத்தம் பார்க்கப் பயம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ‘அடோலசென்ஸ்’ மூன்றாவது எபிசோடையாவது, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். வீட்டில் 13, 14 வயதில் பையன் இருந்தால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் அவனோடு சேர்ந்து பார்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.