உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள்! | நீலகிரியில் வம்சாவளி தேடும் வழி

(காட்சி: ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்து, அதாவது நீலகிரிப் பழங்குடியான தோடரின் குடியிருப்பு)

உங்கள் அப்பாவின் தாத்தா பெயர் என்ன? வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள். நம்மில் பலருக்கு அங்கேயே தட்டிவிடும். ஆனால் 120 வருடங்களுக்கு முன்னால், இதே மலையில், ஒருவர் தோடர் குடும்பங்களின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக எழுதி முடித்தார். அதுவும் இறந்துபோன உறவினரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் உள்ளவர்களிடம்!

வணக்கம் மக்களே. முதலில் பின்னணி, வேகமாக. நீலகிரி 1868இல்தான் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதனால் பழைய அரசுக் காகிதங்களைக் கோயம்புத்தூர் பதிவுகளில் தேட வேண்டும். அவற்றுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். ஊட்டியிலேயே 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. அது உறுப்பினர்களுக்கானது, விசாரித்துவிட்டுப் போங்கள். அவ்வளவுதான் பின்னணி.

(காட்சி: பழைய புத்தகத்தில் மடித்து வைத்த வம்சாவளி அட்டவணை)

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். பெயர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ஆங்கிலேய மானிடவியலாளர். 1901, 1902 வாக்கில் மந்து மந்தாகப் போனார். தோடர் மொழி தெரியாது, கூடவே மொழிபெயர்ப்பாளர். "உன் தாத்தா பெயர் என்ன?" என்று கேட்டால் பதில் வராது. சரி, என்ன செய்வது? அந்தக் குடும்பத்தைப் பற்றி வேறு குலத்து ஆளிடம் கேட்டார். அவருக்குத் தடை இல்லை, கடகடவென்று சொல்லிவிடுவார். இப்படி ஒருவர் வீட்டுக் கதையை இன்னொருவர் வாயால் வாங்கி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து எழுதினார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலத்துத் தோடரிடம் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. அப்படியானால் அட்டவணையில் அப்பா என்று யாரை எழுதுவது? மனைவி கர்ப்பமாக இருக்கும்போது, புல்லிலும் குச்சியிலும் செய்த சின்ன வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. கொடுத்தவர்தான் அப்பா. வேறொருவர் வில் கொடுக்கும்வரை அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் அவரேதான். எவ்வளவு தெளிவான ஏற்பாடு! 1906இல் வந்த ரிவர்ஸின் புத்தகத்தில் அட்டவணைகளோடு இதெல்லாம் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகப் படிக்கலாம்.

சரி, நம் குடும்பத்துக்கு வருவோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயரைத் தேடாதீர்கள். வீட்டுவாரியான பழைய தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை, மிஞ்சியது மொத்த எண்ணிக்கைகள்தான். 1908 கெசட்டியரில், அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூலில், ஊர் கிடைக்கும், சாதாரண ஆள் கிடைக்க மாட்டார். நிலம் இருந்த குடும்பமா? பழைய நிலப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயரோடு தகப்பனார் பெயரும் இருக்க வாய்ப்பு உண்டு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு.

நிலமே இல்லாமல் வந்தவர்கள்? 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களைத்தான் சொல்கிறேன். இங்கே ரிவர்ஸின் வழிதான் வழி. உங்கள் வீட்டில் யாரும் சொல்லாததை, இலங்கையில் அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருந்த குடும்பத்தின் பாட்டி சொல்வார்: எந்தக் கங்காணி (ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேற்பார்வையாளர்) கூட்டிப்போனார், திருச்சிப் பக்கமா சேலம் பக்கமா, எந்த ஊர். ஊர்ப் பெயர் கையில் வந்தபின் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எந்த ஆவணக் கட்டைக் கேட்பது என்று தெரியும். பாட்டிகள் இருக்கும்போதே போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள், தயவுசெய்து.

கீழே கமென்ட்டில் உங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தின் பெயரையும் கங்காணி பெயரையும் போடுங்கள். "எங்க ஆட்களும் அங்கேதான்" என்று யாராவது பதில் போட்டால், அவரிடம் உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள்.